நங்கூரம் இருந்தால் மாலுமி என்று நம்பி நான் கெடுத்த கல்லறை

பழைய கல்லறை ஒன்றைத் திருத்தப் போகிறீர்கள் என்றால், மேசனுக்கு முற்பணம் கொடுக்க முன்னர் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. சகோதரங்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். ஊரில் அம்மாவும் நானும்தான். 2017 ஓகஸ்ட் விடுமுறையில் தொடங்கிய வேலை 2018 மார்ச்சில்தான் முடிந்தது. ஏழு மாதமும் எண்பதாயிரத்து ஐந்நூறு ரூபாவும் போயின. காசு போனதை மறந்துவிடுவேன். இன்னொரு குடும்பத்தின் கல்லில் நான் செய்த வேலையைத்தான் மறக்க முடியவில்லை.

அம்மாவுக்கு அப்போது 83 வயது. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, மற்றதில் புகை மாதிரித்தான் தெரியும். அந்த ஓகஸ்டில் ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டார். “மகள், மூத்தப்பாட கல்லு இன்னும் நிக்கிதா? நங்கூரம் போட்ட கல்லு. நான் போறத்துக்கு முதல் ஒருக்கா அதச் சரிபண்ணி ஒரு மெழுகுதிரி கொளுத்த வேணும் மனே.” அம்மாவின் மூத்தப்பா என்றால் எனக்குப் பூட்டன். அவர் கப்பலில் வேலை செய்தவர் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று யாரும் சொன்னதில்லை. அம்மா பிறக்க முன்னரே அவர் இறந்துவிட்டார். சண்டைக் காலத்தில் சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம், பக்கம் போய்வருவது குறைந்தது. பிறகு சுனாமி, இடம்பெயர்வு, அப்பாவின் வருத்தம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. நான் கடைசியாக அந்தப் பகுதிக்குப் போனது சின்னப் பிள்ளையாக இருந்தபோது.

மட்டக்களப்பில் பழைய சேமக்காலைகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த நிலைமை தெரியும். புதிய கல்லறைகள் டைல்ஸ் பதித்துப் பளபளக்கும். பின்பக்கம் போகப் போக செங்கல் தெரியும் மேடுகள், சாய்ந்த சிலுவைகள், பற்றைக்குள் அரைவாசி புதைந்த கற்கள். ஒரு கிழமை காலையிலேயே போய்த் தேடினேன். ஆறாம் நாள் ஒரு வெள்ளைக் கல்லில் நங்கூரம் தெரிந்தது. கறுப்புப் பாசியும், எந்தக் காலத்திலோ அடித்த சுண்ணாம்பும் சேர்ந்து எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நங்கூரம் தெளிவாக இருந்தது. அதற்கு மேலே ஒரு வட்டத்துக்குள் ஐ, எச், எஸ் என்று மூன்று ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கீழே மூலையில் ஒரு பூவும் தண்டும். பூவை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. நங்கூரத்தைக் கண்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. போனில் ஒரு படம் எடுத்து, “பூட்டனைக் கண்டுபிடிச்சிட்டன், பற்றையைப் பாருங்க” என்று அண்ணாவுக்கு அனுப்பினேன். பற்றையைக் காட்ட எடுத்த அந்த ஒரு படம் பிறகு எவ்வளவு பெறுமதியாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

இனி என் முதல் பிழை. நங்கூரம் இருக்கிறது, ஆகவே கப்பல்காரர். மூன்று எழுத்து இருக்கிறது, ஆகவே அவர் வேலை செய்த கப்பல் கம்பெனியின் பெயர். இப்படி நானே முடிவெடுத்துவிட்டேன். புதிய பெயர்க்கல்லில் அந்தக் கம்பெனியின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்று ஆசை. இரண்டு முறை இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். சுவடிகள் திணைக்களத்தில் உட்கார்ந்து, நூறு வருடத்துக்கு முந்திய வர்த்தமானிகளிலும் வியாபாரக் கைநூல்களிலும் அந்த மூன்று எழுத்தில் தொடங்கும் கம்பெனியைத் தேடினேன். நான்கு நாள் லீவு, பதினொராயிரம் ரூபா செலவு. கிடைக்காது. ஏனென்றால் அது கம்பெனியே இல்லை. இயேசுவின் பெயரைக் கிரேக்கத்தில் எழுதும்போது வரும் முதல் மூன்று எழுத்துகள் அவை: அயோட்டா, ஈட்டா, சிக்மா. நடுவில் எச் மாதிரித் தெரிவது உண்மையில் ஈ ஒலி தரும் ஈட்டா. ‘மனிதரின் மீட்பரான இயேசு’ என்ற லத்தீன் வாசகத்தின் சுருக்கமாகவும் பிறகு அதை விளங்கிக்கொண்டார்கள். நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகிறவள். பீடத்துணியிலும் அப்பத்திலும் அதே எழுத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன். கல்லில் பார்த்தபோது மட்டும் மூளை கப்பலுக்குப் போய்விட்டது. இதே மாதிரி, சிலுவையின் உச்சியில் ஐ, என், ஆர், ஐ என்று நான்கு எழுத்து இருந்தால் அதுவும் இறந்தவரின் இனிஷல் இல்லை. ‘நசரேயனாகிய இயேசு யூதரின் அரசன்’ என்று பிலாத்து எழுதிவைத்த வாசகத்தின் லத்தீன் முதலெழுத்துகள் அவை.

கொழும்பில் நின்ற இரண்டாம் தடவை வுல்வெண்டால் தேவாலயத்துக்குப் போய்ப் பார்த்தேன். 1749 இல் கட்டத் தொடங்கி 1757 இல் திறந்த ஒல்லாந்தர் கோயில். 1813 இல் கோட்டைக்குள் இருந்த பழைய கல்லறைகளை இங்கே மாற்றியிருக்கிறார்கள். ஒல்லாந்தரின் பெரிய கருங்கல் பலகைகளில் குடும்பச் சின்னம், மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, மணல் கடிகாரம் எல்லாம் செதுக்கி இருக்கும். நஞ்சுப் போத்தலிலும் கொள்ளைக்காரன் கொடியிலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மண்டையோடு பயமாக இருக்கும். மண்டையோடு இருந்தால் தற்கொலை செய்தவர், கொள்ளைநோயில் போனவர் என்று எங்கள் ஊரிலும் கதை சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அது ஆளைப் பற்றிய செய்தியே இல்லை, பார்க்கிறவருக்குச் சொன்னது: நீயும் சாவாய், நினைத்துக்கொள். மணல் கடிகாரத்துக்குச் சிறகு இருந்தால் நேரம் பறக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு இதை அங்கே நின்ற ஒருவர் விளக்கிச் சொன்னபோது, “அப்படியென்றால் நங்கூரமும் ஆளைப் பற்றியதாக இல்லாமல் இருக்கலாமோ” என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வீட்டுக் கதையை அவ்வளவு நம்பியிருந்தேன்.

நவம்பர் 2 இறந்த விசுவாசிகள் நாள். அதற்குள் முடிக்க வேண்டும், மாரி தொடங்கவும் முன்னர் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒக்டோபர் முதல் கிழமை மேசன் ஒருவரைப் பிடித்தேன். கெட்டித்தனமான ஆள், கொங்கிரீட் வேலை நன்றாகச் செய்வார். பழைய கல்லில் வேலை செய்ததில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. மேசனுக்கும் கையாளுக்கும் நான்கு நாள் கூலி பதினெட்டாயிரம், சீமெந்து, மணல் ஆறாயிரத்து ஐந்நூறு, அசிட்டும் கம்பி புருசும் ஆயிரத்து ஐந்நூறு, புதிய பெயர்க்கல் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. பெயர்க்கல்லில் பூட்டனின் பெயருக்குக் கீழே ‘மாலுமி’ என்று வெட்டச் சொன்னேன்.

அந்தக் காலை அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. மேசன் டொயிலட் கழுவும் அசிட்டை ஒரு தகர டின்னுக்குள் ஊற்றிக் கல்லின் மேல் வார்த்தார். சர்ர் என்று சத்தம். வெள்ளை நுரை பொங்கிக்கொண்டு நங்கூரத்தின் வளைவு வழியாக வழிந்து, கீழே பூவில் போய்த் தேங்கியது. “பாருங்க டீச்சர், அழுக்குப் பொங்குது” என்றார். பிறகு கம்பி புருசால் தேய்த்தார். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். முட்டைக்கோதை அமிலத்தில் போட்டு, கல்சியம் காபனேற்று கரைகிறது, காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுகிறவள். மாபிளும் அதே கல்சியம் காபனேற்றுத்தான். பொங்கியது அழுக்கு இல்லை, கல். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்று, வெள்ளையாக வருகிறதே என்று சந்தோசப்பட்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது கல் பால் மாதிரி வெளுத்திருந்தது. கையால் தடவினால் சீனி மாதிரி நறநறத்தது. பூவின் இதழ் ஓரங்கள் மழுங்கி ஒரு உருண்டையாகி இருந்தன.

அடிப்பாகத்துக்குச் சீமெந்து பூசி முடித்த நாலாம் நாள் பின்னேரம் மேசன் போன பிறகு நான் மட்டும் நின்றேன். வெயில் மேற்கால் சாய்ந்து கல்லின் மேல் பக்கவாட்டில் விழுந்தது. அப்போதுதான் அந்தத் துளைகள் தெரிந்தன. நங்கூரத்துக்குக் கீழே ஊசி குத்தியது மாதிரி சின்னச் சின்னப் புள்ளித் துளைகள், மூன்று மூன்றாக, நாலு நாலாக, வரிசையாக. அந்தக் காலத்து மாபிள் கற்களில் எழுத்தை மேலோட்டமாக வெட்டி, உள்ளே சில துளை போட்டு, ஈயத்தை அடித்து இறுக்குவார்கள். ஈயம் கழன்று விழுந்தாலும் துளை நிற்கும். துளைக்குத் துளை கோடு இழுத்தால் எழுத்து வரும். ஒரு கொப்பியில் புள்ளிகளை அப்படியே குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஆங்கில எழுத்துகள். முதலில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. அடுத்த சொல் ஒரு பறங்கிக் குடும்பப் பெயர், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர்களுடையது. அதற்குக் கீழே வயது: 19.

பொழுது பட்டு இருட்டும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாவுக்கு எடுத்தேன். “அடுத்த ஆக்கள்ட கல்லுத்தானே, கிளீன் பண்ணிக் குடுத்ததாப் போகட்டும்” என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் கழுவிக்கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வயதில் போன ஒரு பிள்ளையின் கல்லை நான் கரைத்திருக்கிறேன். அன்றிரவு அந்தப் பழைய போன் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். மூலையில் இருந்தது பூ இல்லை. விரியாத ரோசா மொட்டு. தண்டு நடுவில் ஒடிந்து தொங்குகிறது. ஒடிந்த மொட்டு என்றால் விரிய முன்னரே முடிந்த உயிர், பெரும்பாலும் பிள்ளைகள், குமர்ப்பிள்ளைகள். இது வயது போன ஒரு ஆணின் கல் இல்லை என்று அந்த மொட்டு முதல் நாளே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் நங்கூரத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிட்டேன்.

கோயில் அலுவலகத்தில் அந்தக் குடும்பப் பெயரைச் சொன்னதும் மூப்பர், கரையோரத்து டச்பார் என்ற இடத்தில் முன்பு இருந்த ஒரு குடும்பம், இப்போது ஒருவர்தான் மிச்சம் என்று வழி சொன்னார். கல்லடிப் பாலத்தால் ஸ்கூட்டியில் போகும்போது மூன்று தரம் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். எழுபது தாண்டிய மனிதர், பழைய மோட்டார் மெக்கானிக். வாசலில் கதிரை போட்டு இருத்தினார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். நிறைய நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அது என்ட அப்பாட அத்த. காய்ச்சலில போனவ. சுனாமிக்கு வீட்டோட அல்பம், கடதாசி எல்லாம் போயிட்டு மகள். அவவுக்கெண்டு மிஞ்சினது அந்தக் கல்லு ஒண்டுதான். பறவாயில்ல எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல” என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தேத்தண்ணி தந்தார். போகும்போதுதான் கேட்டேன், அவ கடலோடு ஏதும் தொடர்பா, ஏன் நங்கூரம் என்று. “கடலா? எங்கட பழைய ஆக்கள்ட கல்லுகள்ல நங்கூரம் கனக்க இரிக்கி. நம்பிக்கைதான் அது. எபிரேயர்ல வாசிச்சுப் பாருங்க” என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். எபிரேயர் 6:19, நம்பிக்கை ஆன்மாவுக்கு உறுதியான நங்கூரம் என்று இருக்கிறது. கடலைக் காணாதவர்களின் கல்லிலும் நங்கூரம் இருக்கும். கப்பல்காரரின் கல்லிலும் இருக்கலாம்தான், ஆனால் அதைச் சொல்ல வேறு சாட்சி வேண்டும்.

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நான் படித்துக்கொண்டதில் உங்களுக்கு உதவக்கூடியதைச் சொல்கிறேன். இரண்டு கை பற்றிக்கொண்டிருந்தால் அது வியாபார ஒப்பந்தமோ சமாதானமோ இல்லை, பிரியாவிடை. மணிக்கட்டைப் பாருங்கள். ஒன்றில் சட்டைக் கை, மற்றதில் பூ வேலை செய்த கை என்றால் பெரும்பாலும் கணவன் மனைவி. பாதியில் முறிந்த தூண் ஒன்று நின்றால் அது சுனாமியிலோ சண்டையிலோ உடைந்தது என்று நினைத்து மீதியைக் கட்டி எழுப்பிவிடாதீர்கள். முறிந்த மாதிரியே செதுக்குவார்கள், இடைவயதில் போனவர் என்று சொல்ல. மேசன்மார் கை வைக்க முதலில் ஆசைப்படுவது இதில்தான். உச்சியை விரலால் தடவுங்கள்: முறிவுக்குக் கீழே செதுக்கு வேலை ஒழுங்காக முடிந்திருந்தால் அது அப்படியே பிறந்த கல். துணி போர்த்த சாடி கிரேக்க, ரோமப் பழக்கத்திலிருந்து விக்டோரியா காலத்து ஆக்கள் எடுத்த துக்கச் சின்னம், உள்ளே சாம்பல் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. செம்மறிக்குட்டி படுத்திருந்தால் அநேகமாகச் சின்னப் பிள்ளை. தலைகீழான தீப்பந்தம் அணைந்த உயிர், கவிழ்த்த பிறகும் சுவாலை எரிவதாகச் செதுக்கியிருந்தால் ஆன்மா அணையவில்லை என்பது. மூலைமட்டமும் கவராயமும் சேர்ந்திருந்தால் தச்சனோ கொத்தனோ என்று ஓடாதீர்கள், அநேகமாக ஃபிரீமேசன் சங்கத்தவர். ஒரே கல்லில் இருக்கிற எல்லாச் சின்னத்தையும் சேர்த்து வாசித்து, அதுவும் பொதுவாக என்ன சொல்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டுகிறவரிடம் இருந்த மாதிரிகளில் குடும்பம் ஒன்றைத் தெரிந்தெடுத்திருக்கும், அவ்வளவுதான். இறந்தவரின் தொழிலை, சாவின் காரணத்தைச் சின்னத்தில் தேடப் போனால் என்னைப் போல் கொழும்புக்கு அலைய வேண்டியதுதான். என்னோடு படிப்பிக்கும் காத்தான்குடி முஸ்லிம் ஆசிரியை இதைக் கேட்டுவிட்டு, “எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, தலைமாட்டிலயும் கால்மாட்டிலயும் மீசான் கட்டை, அவ்வளவுதான்” என்றார். யோசித்தால் அதிலும் ஒரு நிம்மதி இருக்கிறது.

கழுவுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே கூத்து ஒவ்வொரு ஒக்டோபரிலும் எங்கள் சேமக்காலைகளில் நடக்கிறது. அசிட், குளோரின், கம்பி புருசு, வேகமாகத் தண்ணீர் பீச்சும் மெசின், நான்கும் வேண்டாம். நல்ல தண்ணீரும் மெத்தென்ற புருசும் போதும். முதலில் கல்லை நன்றாக நனைத்து, கீழிருந்து மேலே தேய்த்துப் போங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணி கீழே ஓடிக் கோடு கோடாகக் கறை பிடிக்கும். பாசி தடித்திருந்தால் தடிக்குச்சியால் மெதுவாகச் சுரண்டலாம், இரும்பு படக்கூடாது. தொட்டால் மா மாதிரிக் கொட்டுகிற கல் என்றால் ஒன்றுமே செய்யாமல் விடுங்கள். எழுத்து வாசிக்கக் கழுவவே தேவையில்லை. காலை ஏழு மணிக்கு முன், அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு சாய்ந்த வெயிலில் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு முகக்கண்ணாடியால் வெயிலைக் கல்லின் பக்கவாட்டில் திருப்பி விடுங்கள், நிழல் விழுந்து எழுத்துத் தானாக எழும்பும். மா பூசுவது, சோக்கு தேய்ப்பது, கடதாசி வைத்து உரசுவது எல்லாம் கல்லுக்குக் கேடு. இவை எல்லாவற்றுக்கும் முன்னர் படம். முழுக்கல், ஒவ்வொரு மூலை, ஒவ்வொரு வரி, பின்பக்கம். நான் இருபது படம் எடுத்திருந்தால் மொட்டை முதல் நாளே கண்டிருப்பேன்.

அந்தப் பிள்ளையின் கல்லின் அடியில் பூசிய சீமெந்தை எடுக்க இன்னொரு வயதான கொத்தனாரைப் பிடித்தேன், ஒன்பதாயிரம். சின்ன உளியால் நுணுக்கி நுணுக்கி எடுத்தார். பழைய செங்கல் கல்லறைகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை, ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரமும் எங்கள் கரையோரத்து உப்பும் உள்ளே அடைபட்டு, செங்கல் பொரிந்து உதிரும் என்று அவர்தான் சொன்னார். ‘மாலுமி’ என்று வெட்டிய பெயர்க்கல்லைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அது இன்னமும் குசினிக்குப் பின்னால் சுவரோடு சாத்திக் கிடக்கிறது.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி மழை கொட்டியது, அம்மாவைக் கூட்டிப்போக முடியாது என்று சாட்டுச் சொல்லித் தப்பினேன். தை பிறந்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அம்மா கோபிக்கவில்லை. “நீ என்னட்டக் கேக்கவே இல்லையே கா” என்றார். உண்மைதான். கதையைக் கேட்டேனே தவிர கல்லைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, கையைக் காற்றில் வைத்துச் சொன்னார். “சிலுவையும் நங்கூரமும் இதயமும் மூண்டும் ஒண்டோட ஒண்டு பின்னி இரிக்கும். நங்கூரத்துல ஒரு பக்கத்துக் கொளுக்கி இல்ல, உடைஞ்சு போச்சு. அம்மா செபம் சொல்லக்குள்ள நான் அந்த ஓட்டைக்குள்ள விரல வெச்சுக்கிட்டு நிப்பன். கறுப்புக் கல்லு.” கறுப்புக் கல்! நான் மூன்று மாதம் வெள்ளைக் கல்லோடு மாரடித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால் ‘யார், என்ன வேலை’ என்று கேட்க முதல், ‘என்ன நிறம், எவ்வளவு உயரம், கையால் தொட்டீர்களா, பக்கத்தில் என்ன மரம்’ என்று கேளுங்கள். கதை கைமாறக் கைமாற வேறாகும். சின்ன வயதில் விரல் பட்ட இடம் அப்படியே இருக்கும்.

பின்மதிலோரம், கொடி மூடிக் கிடந்தது. சிலுவை, நங்கூரம், இதயம்: விசுவாசம், நம்பிக்கை, அன்பு, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய மூன்றும். இடப்பக்கக் கொளுக்கி இல்லை. கீழே தமிழில் வெட்டிய பெயர், அதில் புள்ளிகளே இல்லாததால் கூட்டி வாசிக்க நேரம் எடுத்தது. கடைசி வரியில் ‘ககூகக’ என்று இருந்தது. அதைத் தொடர்ந்து பூவேலை மாதிரி ஒரு சுழி. ஊர்ப்பெயரா, செபத்தின் சுருக்கமா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். பிறகு பழைய காணி உறுதி ஒன்றைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அது எழுத்தே இல்லை, தமிழ் எண். க போல இருப்பது ௧, கூ போல இருப்பது ௯. ௧௯௧௧, அதாவது 1911. சுழி என்று நினைத்தது வருடத்தைக் குறிக்கும் ௵. மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. நங்கூரத்துக்கும் மொட்டுக்கும் அர்த்தம் தேடிப் படித்த எனக்கு என் சொந்தப் பாசையின் குறி தெரியாமல் இருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. உ போல இருந்தால் ௨, எ போல இருந்தால் ௭, அ போல இருந்தால் ௮. கொத்தனாரிடம் முன்கூட்டியே காட்டி வையுங்கள், அலங்காரம் என்று நினைத்து அடைத்துவிடுவார்கள்.

வருடம் கையில் வந்ததும் மற்ற எல்லாம் சுருக்காக நடந்தது. இறப்புப் பதிவில் தேடுவதற்கு வருடம் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும். மூன்று கிழமையில் பிரதி வந்தது. ‘பதவி அல்லது தொழில்’ என்ற இடத்தில் தச்சுத் தொழில் என்று இருந்தது. கப்பல் எங்கேயும் இல்லை. கல்லில் இருந்த நங்கூரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் யாரோ கட்டிய கதை நூறு வருடம் ஓடியிருக்கிறது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழும்பிப் போய், எங்கள் வீட்டுப் பெரிய மரப்பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். அது அவருடைய அம்மாவின் சீதனப் பெட்டி. யார் செய்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

எங்கள் கல்லுக்கு அதே கொத்தனார் சுண்ணாம்புச் சாந்தில் அடியை மட்டும் கட்டித் தந்தார், இருபத்திரெண்டாயிரம். உடைந்த கொளுக்கியை ஒட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோயில் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி எடுத்துத்தான் கை வைத்தேன். நீங்களும் வாயால் கேட்பதோடு நிற்காதீர்கள், எந்தக் கல் என்று படத்தோடு எழுதி வாங்குங்கள், அப்படிச் செய்திருந்தால் முதல் பிழையே நடந்திருக்காது. இன்னொன்று: கல்லின் காலம் 1815 மார்ச் 2 க்கு முந்தியது என்று தோன்றினால் தொடவே வேண்டாம். நாட்டின் தொல்பொருள் சட்டம் அந்தத் திகதிக்கு முந்தியவற்றைத் தொல்பொருளாகத்தான் பார்க்கிறது, தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வெள்ளைக்காரரின் கல்லறை வாசகங்களைப் பென்றி லூயிஸ் என்ற அதிகாரி தொகுத்து 1913 இலேயே கொழும்பில் அச்சிட்டுவிட்டார்கள். எங்கள் தச்சன்மாருக்கும் கமக்காரருக்கும் அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை, கல்லில் இருப்பதுதான் பதிவு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை அம்மாவை ஓட்டோவில் கூட்டிப்போனேன். பிடித்துக்கொண்டு போய் நிறுத்தினேன். கையை நீட்டி, சிலுவையைத் தொட்டு, நங்கூரத்தில் இறங்கி, இடப்பக்கம் போய் அந்த உடைந்த இடத்தில் விரலை வைத்தார். “சின்னதாப் போச்சு” என்றார். பிறகு, “என்ட விரல்தான் பெருத்துப் போச்சு” என்றார். மெழுகுதிரியைக் கல்லில் ஒட்டவிடாமல் கீழே ஒரு மண் சட்டியில் வைத்துக் கொளுத்தினோம், மெழுகு கல்லுக்குள் இறங்கினால் எடுக்க முடியாது. ஒன்றை மற்றப் பிள்ளைக்கும் வைக்கச் சொன்னார்.

அண்ணாவுக்கு அனுப்பிய அந்தப் பற்றைப் படத்தை நகரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, மொட்டு இருக்கும் மூலையைப் பெருப்பித்துக் கழுவி எடுத்தேன். தெளிவு குறைவுதான். ஆனால் ஒடிந்த தண்டும், மூடிய இதழ்களும், ஒரு இலையும் தெரிகின்றன. துளைகளைச் சேர்த்து வரைந்த எழுத்தையும் ஒரு கடதாசியில் சுத்தமாக எழுதி அதோடு சட்டம் போட்டு டச்பாருக்குக் கொண்டுபோனேன். அங்கிள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் அப்பாவின் அத்தையின் பெயரை ஒருமுறை சத்தமாக வாசித்தார். உள்ளே போய், மாதா படத்துக்குக் கீழே ஒரு ஆணி தேடினார்.